வாட்சுக்குள் இருப்பது உங்கள் கார்டு இல்லை

சிங்கப்பூரில் கட்டணம் செலுத்த ஸ்மார்ட் வாட்சைக் கடை மெஷினில் தட்டிச் சட்டை வாங்கிவிட்டு, அளவு சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவருக்கு ஒரு சின்னச் சிக்கல் வரலாம். பில்லின் அடியில் கார்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் அச்சாகியிருக்கும். காசாளர் அதைப் பார்ப்பார், நீட்டிய கார்டைப் பார்ப்பார். "நீங்க கட்டினது இந்தக் கார்டுல இல்லையே" என்பார். "இதே கார்டுதாங்க, வாட்ச்ல வச்சுத் தட்டினேன்" என்று இவர் சொல்வார். பின்னால் வரிசை நீளும். வேடிக்கை என்னவென்றால், இருவர் சொல்வதும் சரி. கணக்கு ஒன்றுதான், ஆனால் வாட்சில் இருப்பது வேறு கார்டு.

வாட்சில் கார்டைச் சேர்க்கும்போது கார்டின் எண்ணைத் தட்டச்சு செய்கிறோம், அல்லது படம் பிடிக்கிறோம். அந்த எண் வாட்சில் தங்குவதில்லை. விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பு வழியாக அது வங்கிக்குப் போகிறது. இவர் உங்கள் வாடிக்கையாளர்தானா என்று கேட்டு, குறுஞ்செய்தியில் ஓடிபி அனுப்பிச் சரிபார்த்த பிறகு, வேறொரு எண் உருவாகி வாட்சுக்கு வருகிறது. அதற்கு டோக்கன் என்று பெயர். பார்ப்பதற்குக் கார்டு எண் போலவே இருக்கும். கடையில் உள்ள மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. எந்த டோக்கன் எந்தக் கார்டுக்கு உரியது என்ற பட்டியல் வலையமைப்பின் கையில் இருக்கிறது. இதற்கான பொது விதிமுறை 2014இல் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஆப்பிள் கருவிகளைத் தட்டிப் பணம் கட்டும் சேவையான ஆப்பிள் பே அமெரிக்காவில் தொடங்கியது, 2016 ஏப்ரலில் சிங்கப்பூருக்கு வந்தது.

போனில் அதே கார்டைச் சேர்த்தால் போனுக்கு இன்னொரு டோக்கன். ஆக, ஒரு பிளாஸ்டிக் கார்டு, ஒரு போன், ஒரு வாட்ச் என்றால் மூன்று எண்கள், ஒரே கணக்கு. சட்டைக்காரருக்கு வழி எளிது: வாங்கும்போது எதைத் தட்டினாரோ அதையே மறுபடி தட்ட வேண்டும். அல்லது கருவியின் அமைப்புகளுக்குள் (செட்டிங்ஸ்) போய், கார்டைத் தொட்டால், அந்தக் கருவிக்கான எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் தெரியும். பில்லோடு ஒத்துப்போகும்.

இந்த இரண்டாவது எண் எதற்கு என்று கேட்கலாம். அதற்குத் தட்டும் அந்த அரை நொடியில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கடை மெஷினுக்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் நொடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் தடவை முன்னும் பின்னும் போய்வரும் மின்சாரம் ஓடுகிறது, அதாவது 13.56 மெகாஹெர்ட்ஸ். சுருளைச் சுற்றி அதே வேகத்தில் மாறும் காந்தப்புலம் உண்டாகிறது. மாறும் காந்தப்புலத்துக்குள் இன்னொரு சுருளைக் கொண்டுவந்தால் அதில் மின்சாரம் பிறக்கும் என்று 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்தார். பேட்டரியே இல்லாத பிளாஸ்டிக் கார்டு வேலை செய்வது இப்படித்தான். கார்டின் ஓரத்தை ஒட்டி உள்ளே ஓடும் மெல்லிய கம்பிச் சுருள், மெஷினின் புலத்திலிருந்தே தன் சிப்புக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது.

மின்சாரம் வாங்கியாயிற்று, பதில் எப்படிச் சொல்வது? எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இது. கார்டு எதையும் ஒலிபரப்புவதில்லை. தான் இழுக்கும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிறது, அவ்வளவுதான். வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டதும் விளக்கு ஒரு கணம் மங்கும் இல்லையா, அதைப் போல, கார்டு சுமையை ஏற்றினால் மெஷினின் சுருளில் மின்னழுத்தம் துளி அசைகிறது. மெஷின் அந்த அசைவைப் படித்து ஒன்று, சுழியம் என்று எழுதிக்கொள்கிறது. தொடக்க வேகத்தில் நொடிக்கு 106 ஆயிரம் பிட்டுகள். இணையத்தோடு ஒப்பிட்டால் மிகவும் மெதுவானது, இந்தச் சின்ன உரையாடலுக்குத் தாராளம்.

காந்தப்புலம் தூரத்தோடு படுவேகமாகத் தேயும். சுருளின் அளவைத் தாண்டிப் போனால், தூரம் இரண்டு மடங்காகும்போது புலம் எட்டில் ஒன்றாகிவிடும். அதனால்தான் நான்கு சென்டிமீட்டருக்குள் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. வரிசையில் பின்னால் நிற்பவரின் வாட்சிலிருந்து தவறிப்போய்ப் பணம் பிடிக்காததற்கும் அதுவே காரணம்.

வாட்சுக்கு இங்கே ஒரு பிரச்சினை. சுருள் சின்னது, சுற்றிலும் உலோகச் சட்டம், பேட்டரி, திரை. கார்டு மாதிரி சுமையைக் கூட்டிக் குறைத்தால் மெஷினுக்கு அது எட்டவே எட்டாது. ஆகவே வாட்சும் பல போன்களும் ஒரு தந்திரம் செய்கின்றன. மெஷினின் அலையோடு தாளம் தப்பாமல் சேர்ந்துகொண்டு, சொந்த பேட்டரியிலிருந்து ஒரு சிறு சைகையை அனுப்புகின்றன. மெஷின் தரப்பில் பார்த்தால், பெரிய சுருள் கொண்ட ஒரு கார்டு சுமையைக் கூட்டிக் குறைப்பது போலவே தெரியும். பழைய கார்டுகளுக்காகச் செய்த மெஷினை மாற்றாமலே, வாட்ச் தன்னை ஒரு கார்டாகக் காட்டிக்கொள்கிறது.

சுருள் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் நம் கை வளைகிறது. ஐபோனில் அது மேல் விளிம்பில். பல ஆண்ட்ராய்டு போன்களில் முதுகின் நடுப்பக்கம். வாட்சில் முகப்புப் பக்கம், எனவே முகப்பை மெஷினைப் பார்க்கத் திருப்ப வேண்டும். மெஷினை மேசையில் மல்லாக்க வைத்திருந்தால் மணிக்கட்டைக் கவிழ்க்க வேண்டும், கையில் பையும் குடையும் இருந்தால் சொல்லவே வேண்டாம். வாட்ச்தான் வசதி என்று விளம்பரங்கள் சொல்கின்றன. இந்த ஒரு விஷயத்தில் போனே மேல் என்பது என் கட்சி.

சரி, உரையாடலுக்குள் போவோம். மெஷின் முதலில், யாராவது இருக்கிறீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பதில் வந்ததும், உன்னிடம் விசா இருக்கிறதா மாஸ்டர்கார்டு இருக்கிறதா என்று விசாரிக்கிறது. பிறகு தொகை, தேதி, நாணயக் குறியீடு ஆகியவற்றைக் கொடுக்கிறது. சிங்கப்பூர் வெள்ளிக்கு 702, இந்திய ரூபாய்க்கு 356. கூடவே அந்தக் கணத்தில் உருவாக்கிய ஒரு தற்செயல் எண்ணையும் தருகிறது. வாட்சில் உள்ள பாதுகாப்புச் சிப், இதுவரை எத்தனை தடவை தட்டியிருக்கிறோம் என்ற தன் கணக்கையும் அதோடு சேர்த்து, தன்னிடம் உள்ள ரகசியச் சாவியால் எல்லாவற்றையும் கலந்து எட்டு பைட் அளவுள்ள ஒரு விடையைத் தருகிறது. அந்தச் சாவியின் இன்னொரு பிரதி மறுமுனையில் இருக்கிறது. அங்கே அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, விடை ஒத்துவந்தால்தான் அனுமதி.

இந்த விடையை யாராவது ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்தாலும் பயன் இல்லை. அடுத்த முறை தற்செயல் எண் வேறு, தட்டிய எண்ணிக்கை வேறு, விடையும் வேறு. பழைய கார்டுகளின் கறுப்புப் பட்டையில் எப்போது தேய்த்தாலும் ஒரே தகவல்தான் வந்தது. அதனால்தான் அதைப் பிரதி எடுத்துப் போலிக் கார்டு செய்ய முடிந்தது. டோக்கன் எண் திருடு போனாலும் இதே கதைதான். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இணையத்தில் எதையும் வாங்க முடியாது, அதோடு இந்த ஒருமுறை விடையும் வர வேண்டும்.

வாட்ச் பணத்தை எங்கும் அனுப்பவில்லை என்பது இதிலிருந்து தெரியும். அது கையெழுத்து மட்டும் போடுகிறது. வங்கியோடு பேசுவது கடை மெஷின். எனவே போனை வீட்டில் விட்டுவிட்டு ஓடப் போனவர் வாட்சைத் தட்டியே தண்ணீர் போத்தல் வாங்கலாம். ஆண்ட்ராய்டில் சற்று வேறுபாடு உண்டு. 2013இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து, தனிச் சிப் இல்லாமல் மென்பொருளே கார்டாக நடிக்க வழி செய்தார்கள். அந்த முறையில் சில தடவைகளுக்கு மட்டுமே செல்லும் சாவிகளைச் சர்வரிலிருந்து போன் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறது. இணையமே இல்லாமல் நாள்கணக்கில் தட்டிக்கொண்டிருந்தால் கையிருப்பு தீர்ந்துவிடும்.

இன்னொரு குழப்பமும் இங்கேதான் பிறக்கிறது. வாட்ச் மணிக்கட்டில் 'டொக்' என்று அதிர்ந்து முடிந்தது என்று காட்டும், கடை மெஷினோ நிராகரித்துவிட்டதாகச் சொல்லும். இரண்டும் உண்மை. என் கையெழுத்தை மெஷின் வாங்கிக்கொண்டது என்று மட்டுமே வாட்ச் சொல்கிறது. கணக்கில் காசு இருக்கிறதா என்று வங்கி பார்ப்பது அதற்குப் பிறகு. ஆகவே கடைக்காரர் உங்கள் வாட்சை நம்பாமல் தன் மெஷினைப் பார்த்துக்கொண்டு நிற்பது நியாயம்தான்.

தமிழ்நாட்டில் டீக்கடை க்யூஆர் ஒட்டியில் பணம் கட்டுவது இதற்கு நேர் எதிர்த் திசை. அங்கே ஒட்டி வெறும் முகவரி. உங்கள் போன் இணையத்தில் போய், ரகசியப் பின் எண்ணைக் கேட்டு வாங்கி, உங்கள் வங்கியிலிருந்து கடைக்காரர் வங்கிக்குப் பணத்தைத் தள்ளுகிறது. உங்கள் போனில் சிக்னல் இல்லையென்றால் டீ கடன்தான். ஒட்டிக்குப் பணம் வந்தது தெரியாது என்பதால்தான் கடைக்காரருக்குத் தொகையைச் சத்தமாக அறிவிக்கும் பெட்டி தேவைப்படுகிறது. செலவு என்று பார்த்தால் க்யூஆரை அடித்துக்கொள்ள ஆளில்லை, ஒரு காகிதம் போதும். சிங்கப்பூரிலும் உணவங்காடிக் கடைகள் பலவற்றில் அதுதான். 2018இல் பல நிறுவனங்களின் க்யூஆரை ஒரே ஒட்டியில் சேர்த்தார்கள். 2023 பிப்ரவரியில் இந்தியாவின் யூபிஐயும் அதுபோலவே வங்கிக்கு வங்கி உடனே பணம் அனுப்பும் சிங்கப்பூரின் பேநவ்வும் இணைந்தன. ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்களுக்கு அது பெரிய வசதி.

வாட்சைத் தட்டும்போது பின் கேட்பதில்லையே, யாராவது கழற்றிக்கொண்டு போனால்? காலையில் கட்டும்போது ஒருமுறை கடவுக்குறியீடு போடுகிறோம். அதன்பின் வாட்சின் அடிப்பக்கத்தில் இதயத்துடிப்பு பார்க்கும் விளக்குகளும் ஒளி உணரிகளும் தோலைவிட்டு விலகவில்லையே என்று கவனித்துக்கொண்டிருக்கின்றன. கழற்றிய சில நொடிகளில் பூட்டிக்கொள்ளும். மணிக்கட்டில் அடர்த்தியாகப் பச்சை குத்தியவர்களின் வாட்ச் அடிக்கடி பூட்டிக்கொள்வது இதனால்தான், மை ஒளியை மறைக்கிறது. அதற்கு மேல், ஆப்பிள் வாட்சில் பக்கவாட்டுப் பொத்தானை இரண்டு முறை அழுத்த வேண்டும். இப்படி ஆளைக் கருவியே சரிபார்த்துவிடுவதால், பிளாஸ்டிக் கார்டைத் தட்டுவதற்குள்ள உச்சவரம்பு பல நாடுகளில் போனுக்கும் வாட்சுக்கும் இல்லை. பிரிட்டனில் 2021 அக்டோபரில் கார்டுக்கு 100 பவுண்டு என்று வைத்தபோதும் போனுக்கு அந்தத் தடை கிடையாது. இந்தியாவில் 2021 ஜனவரியிலிருந்து பின் இல்லாமல் கார்டைத் தட்ட 5,000 ரூபாய் வரை.

ரயில் நிலையங்களுக்காக இந்தக் காவலைத் தளர்த்தினார்கள். வாயிலில் நின்று பொத்தானைத் தேடினால் கூட்டம் தேங்கும் என்பதால், பூட்டிய நிலையிலேயே தட்ட ஒரு வசதி. அங்கேதான் ஓட்டையும் விழுந்தது. 2021இல் பர்மிங்காம், சர்ரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ரயில் வாயில் போல நடிக்கும் கருவியை வைத்து, அந்த வசதியில் விசா கார்டு வைத்திருந்த பூட்டிய ஐபோனிலிருந்து 1,000 பவுண்டு எடுத்துக் காட்டினார்கள். ஆய்வுக்கூடத்தில் நடந்ததுதான். ஆனாலும் வசதிக்காகக் கதவைத் திறந்தால் எது வரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ரயில் என்றதும் டோக்கன் சங்கதி மறுபடி தலைகாட்டுகிறது. சிங்கப்பூரில் எம்.ஆர்.டி. ரயிலில் ஏறும்போதும் இறங்கும்போதும் தட்ட வேண்டும், பேருந்திலும் அப்படித்தான். வாட்சைத் தட்டி உள்ளே போய், போனைத் தட்டி வெளியே வந்தால், ஏறியவர் ஒருவர், இறங்கியவர் இன்னொருவர் என்றே கணினி நினைக்கும். முடிவடையாத பயணம் என்று இரண்டுக்கும் கட்டணம் விழும். முன்கூட்டியே பணம் ஏற்றி வைக்கும் பழைய ஈஸி-லிங்க் பயணக் கார்டில் மிச்சப் பணம் கார்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது, வாயில் அதைக் கழித்து மீதியைத் திரையில் காட்டியது. வங்கிக் கார்டிலோ வாட்சிலோ வாயில் எதையும் எழுத முடியாது. கணக்கெல்லாம் பின்னால் சர்வரில் நடப்பதால் கட்டணமும் மீதியும் அங்கேயே தெரியாது. 2024 ஜனவரியில் பழைய முறையை நிறுத்தப் போவதாக நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தபோது, மீதி தெரியாத கார்டு எங்களுக்கு வேண்டாம் என்று மக்கள் சொன்னார்கள். இரண்டு வாரத்துக்குள் முடிவு மாறியது. பழைய முறையைத் தொடர 40 மில்லியன் வெள்ளி ஒதுக்கினார்கள்.

வாட்ச் தொலைந்தால் அதன் டோக்கனை மட்டும் ரத்து செய்தால் போதும். பணப்பையில் உள்ள கார்டும் போனும் தம் பாட்டுக்கு வேலை செய்யும். கார்டு காலாவதியாகும்போதும் அப்படித்தான். வங்கி புதுக் கார்டு போட்டதும், டோக்கன் பட்டியலில் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதிக்கொள்கிறார்கள். புதுக் கார்டு தபாலில் வந்து சேர்வதற்கு முன்பே, பல வங்கிகளில், வாட்ச் அதன் கணக்கில் காப்பி வாங்கத் தொடங்கிவிடுகிறது.