டோபமைன் இல்லாத எலிக்கும் சர்க்கரை இனிக்கும்

பொறந்த குழந்தைக்கு சேனைத்தண்ணி தொட்டு வைக்கிறப்ப அது மூஞ்சிய பாத்திருக்கீங்களா, நாக்க நீட்டி உதட்ட நக்கி சப்புக்கொட்டும், அதுவே கசப்பா ஏதாவது பட்டுச்சுன்னா வாயப் பொளந்து மூஞ்சிய சுளிக்கும் (இப்பல்லாம் தாய்ப்பால் தவிர வேற எதையும் வைக்காதீங்கன்னு டாக்டருங்க சொல்றாங்க, அதையே கேளுங்க). எலியும் கிட்டத்தட்ட இதையேதான் செய்யும். டோபமைன்னா சந்தோஷம் தர்ற கெமிக்கல்னு எல்லாரும் சொல்றாங்கல்ல, அந்த நம்பிக்கைய ஆட்டிவிட்டது எலியோட இந்த சப்புக்கொட்டல்தான்.

முதல்ல அந்த நம்பிக்கை எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்லிடறேன். 1954ல கனடாவுல மான்ட்ரியல்ல ஓல்ட்ஸ், மில்னர்னு ரெண்டு பேரு எலி மூளைக்குள்ள மெல்லிய கம்பி வச்சு, ஒரு லீவர அழுத்துனா அந்த இடத்துல லேசா கரண்ட் பாயற மாதிரி செஞ்சாங்க. எலி அந்த லீவர விடவே இல்ல, அழுத்திக்கிட்டே இருந்துச்சு, மூளையில சந்தோஷத்துக்குன்னே ஒரு இடம் இருக்குன்னு பேச ஆரம்பிச்சாங்க. அப்புறம் 1970கள்ல அதே ஊர்ல ராய் வைஸ்னு ஒருத்தர், டோபமைன் வேலை செய்யாம தடுக்கிற பிமோசைடுங்கிற மருந்த பசியில இருக்கிற எலிக்கு குடுத்து பாத்தாரு. லீவர அழுத்துனா சாப்பாடு வரத்தான் செய்யுது, ஆனாலும் சாப்பாடே வராத மாதிரி எலி கொஞ்சம் கொஞ்சமா அழுத்தறத நிறுத்திடுச்சு. டோபமைன் போனா ருசியே போயிடுதுன்னு வைஸ் சொன்னாரு, எல்லாரும் அதையே புடிச்சுக்கிட்டாங்க.

1989ல அமெரிக்காவுல மிச்சிகன் யுனிவர்சிட்டி கென்ட் பெரிட்ஜ், டெரி ராபின்சன் குழு எலி மூளையில டோபமைன கிட்டத்தட்ட முழுசா அழிச்சாங்க. அந்த எலிங்க தானா சாப்பிடாது, முன்னாடியே சாப்பாடு இருந்தாலும் பட்டினி கிடக்கும், குழாய் வழியா ஊட்டித்தான் உயிரோட வச்சிருக்கணும். ஆனா வாய்க்குள்ள நேரா சர்க்கரைத்தண்ணி விட்டா பழையபடி உதட்ட நக்கி சப்புக்கொட்டுச்சு! இனிப்பு இனிப்பாத்தான் இருக்கு, அது வேணும்னு போற உந்துதல்தான் இல்ல. 2003ல இதோட மறுபக்கத்தையும் பாத்தாங்க, டோபமைன் அதிகமா தங்கற மாதிரி ஜீன் மாத்துன சுண்டெலிங்க இனிப்ப நோக்கி வேகமா ஓடுச்சு, ஆனா வாயில இனிப்பு பட்டப்போ மத்த எலிய விட கூடுதலா ரசிக்கல. அப்போ "வேணும்"ங்கிறது வேற, "பிடிக்குது"ங்கிறது வேற, டோபமைன் "வேணும்" பக்கம்தான்னு பெரிட்ஜ் சொன்னாரு. எனக்கு இந்த மொத்த விவாதத்துலயும் ரொம்ப வலுவான சோதனை இதுதான்னு தோணுது.

ஆனா சண்டை இதோட முடியல. சுவிட்சர்லாந்துல வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்கோட டோபமைன் செல் ஒவ்வொண்ணா அளந்தாரு. எதிர்பாக்காம ஜூஸ் கிடைச்சா செல் படபடன்னு துடிக்குது. லைட் எரிஞ்சா ஜூஸ் வரும்னு பழகுனதுக்கப்புறம் லைட்டுக்கே துடிச்சிடுது, ஜூஸ் வர்றப்ப ஒண்ணும் இல்ல. லைட் எரிஞ்சும் ஜூஸ் வரலன்னா, வரவேண்டிய அந்த நேரத்துல துடிப்பு வழக்கத்த விட கீழ இறங்குது. அப்போ அந்த செல் சொல்றது ஜூஸ பத்தி இல்ல, நெனச்சதுக்கும் கிடைச்சதுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்த. 1997ல டயான், மான்டேக் கூட சேந்து அவர் எழுதுன பேப்பர்ல இத ஒரு கணக்காவே காட்டுனாங்க, அது கம்ப்யூட்டருக்கு கத்துக்குடுக்க சட்டன், பார்ட்டோன்னு ரெண்டு கம்ப்யூட்டர் ஆராய்ச்சிக்காரங்க முன்னாடியே போட்டு வச்சிருந்த கணக்கு. இத படிச்சப்ப எனக்கு உண்மையாவே சிலிர்த்துடுச்சு.

சலமோன்னு இன்னொரு ஆராய்ச்சியாளர், கிடைக்கிறதுக்காக உழைக்க வைக்கிறதுதான் டோபமைனோட வேலைன்னு சொல்றாரு. நிறைய சாப்பாடு இருக்கிற பக்கம் தடுப்பு வச்சா, டோபமைன் கொறஞ்ச எலி ஏறிப்போக மாட்டேங்குது, சும்மா நடந்து போயி கொஞ்சமா இருக்கிறதையே தின்னுக்குது, தடுப்ப எடுத்துட்டா பழையபடி நிறைய இருக்கிற பக்கம்தான் போகுது. 2022ல விஜய் நம்பூதிரியோட குழு ஷுல்ட்ஸ் கணக்கையே கேள்வி கேட்டாங்க, மூளை முன்னாடி பாத்து கணிக்கல, நல்லது ஒண்ணு கிடைச்சதும் இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு திரும்பி தேடுது, அதுக்குத்தான் டோபமைன்னு. பழைய கணக்கிலயே உங்க ரிசல்ட்ட விளக்க முடியும்னு எதிர்பக்கம் பதில் சொல்றாங்க, இன்னும் ஓடிட்டு இருக்கு.

இது லேப்போட நிக்கிற விஷயமும் இல்ல. பார்க்கின்சன் நோயில டோபமைன் செல்கள் அழியறதால பிரமிபெக்சோல், ரோபினிரோல் மாதிரி டோபமைன் வேலைய செய்யற மருந்து குடுப்பாங்க. அத எடுக்கிற சிலபேருக்கு வாழ்க்கையில சீட்டையே தொடாதவங்களா இருந்தாலும் திடீர்னு சூதாட்ட வெறி வருது, சிலர் கண்டதையும் வாங்கி குவிக்கிறாங்க, வீட்ல இருக்கிறவங்க வயசான காலத்துல புத்தி கெட்டுப்போச்சுன்னு திட்டறாங்க. மருந்தோட வேலை அது. நாமளா நிறுத்தக்கூடாது, டாக்டர்கிட்ட கூச்சப்படாம சொல்லணும், அவர் டோஸ கொறச்சாலோ மருந்த மாத்துனாலோ பெரும்பாலும் அந்த வெறி அடங்கிடும்.