உள்ளே இருப்பவரிடம் சாவி கேட்காத பூட்டு

கதவுப் பூட்டு என்றதும் நம் நினைப்பு வெளிப்பக்கத்துக்கே போகிறது. திருடனைத் தடுக்குமா, உடைபடுமா என்று கேட்கிறோம். உள்ளே இருப்பவர் அவசரத்தில் அதை எப்படித் திறப்பார் என்று கடையில் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர் பூட்டு பொருத்த வருபவர்தான். அவருடைய வேலையிலேயே முக்கியமான பகுதி அதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் பூட்டு வேலை செய்யும் விதம். இன்று வீட்டுக் கதவுகளில் பரவலாக இருக்கும் பின் (pin, சிறு உலோகக் குச்சி) சிலிண்டர் பூட்டு, லைனஸ் யேல் ஜூனியர் என்ற அமெரிக்கர் 1860களில் காப்புரிமை பெற்ற வடிவத்தின் வழிவந்தது. சாவி நுழைவது ஓர் உருளைக்குள். அதைச் சுற்றி அசையாத கூடு. இரண்டையும் ஊடுருவி வரிசையாகப் பெரும்பாலும் ஐந்தாறு துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையிலும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பின்கள், அவற்றின் தலையில் ஒரு ஸ்பிரிங். சாவி இல்லாதபோது ஸ்பிரிங் அழுத்துவதால் மேல் பின் பாதி கூட்டிலும் பாதி உருளையிலுமாக நின்று, உருளையைச் சுழல விடாது.

கீழ்ப் பின்கள் ஒன்றுக்கொன்று வேறு நீளம். சரியான சாவியின் பள்ளங்களும் மேடுகளும் ஒவ்வொரு ஜோடியையும் தேவையான அளவுக்குத் தூக்கும். இரு பின்களும் சந்திக்கும் இடம் உருளையின் விளிம்போடு நேராகும். எல்லா ஜோடிகளும் நேரானால்தான் உருளை சுழன்று பூட்டின் நாக்கை இழுக்கும். ஒன்று சற்றே பிசகினாலும் நகராது.

இதில் ஒரு வசதி உண்டு. சாவி தொலைந்தாலோ குடியிருப்பவர் மாறினாலோ பூட்டையே தூக்கிப் போட வேண்டியதில்லை. பின்களை மட்டும் மாற்றிப் புதுச் சாவிக்குப் பொருத்தினால் போதும், பழைய சாவி பயன்படாது. அதைச் சொல்லாமல் புதுப் பூட்டை விற்பது நேர்மையல்ல.

சரி, வெளிப்பக்கப் பாதுகாப்பு? சிலிண்டர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், நாக்கு போய் உட்காரும் தகடு நிலைச்சட்டத்தில் குட்டையான ஸ்க்ரூக்களில் நின்றால் ஓங்கி ஓர் உதையில் மரம் பிளந்துவிடும். ஏறக்குறைய 3 அங்குல ஸ்க்ரூ சட்டத்தைத் தாண்டிப் பின்னாலுள்ள கனமான மரத்தைப் பிடித்துக்கொள்ளும். செலவு அதிகமில்லாத இந்தக் காரியத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கதவுக்குப் பக்கத்தில் கண்ணாடி இருக்கும் வீடுகளில் சிக்கல் வருகிறது. கண்ணாடியை உடைத்துக் கைவிட்டு உள்திருகை, அதாவது உள்பக்கம் சாவியில்லாமல் விரலால் திருப்பும் குமிழை, திருப்பிவிடுவார்களே என்ற பயத்தில், இருபுறமும் சாவி கேட்கும் பூட்டைப் போடச் சொல்வார்கள். பயம் நியாயமானது, தீர்வு ஆபத்தானது. தீப்பிடித்தால் புகை சில நிமிடங்களில் பார்வையை மறைத்துவிடும். அந்த இருட்டில் குழந்தையோ முதியவரோ சாவியைத் தேடி எடுத்துத் துவாரத்தில் செருகிக் கதவைத் திறக்க வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் சர்வதேச குடியிருப்புக் கட்டட விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன: வீட்டைவிட்டு வெளியேறும் கதவு, சாவியோ சிறப்பு அறிவோ கூடுதல் முயற்சியோ இல்லாமல் உள்ளிருந்து திறக்க வேண்டும். படுக்கையறையின் அவசரகால ஜன்னலில் கம்பி போட்டாலும் அதே நிபந்தனைதான்.

இந்தச் சிந்தனை சாவுகளிலிருந்து பிறந்தது. 1883இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் ஓர் அரங்கில், ஒரு குழந்தை மட்டும் நுழையும் அளவுக்கே திறந்து தாழிடப்பட்டிருந்த கதவருகே நெரிசலில் 183 குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பின் ராபர்ட் பிரிக்ஸ் என்பவர், உள்ளிருந்து தள்ளினாலே திறக்கும் தாழ்ப்பாளுக்கு 1892இல் காப்புரிமை பெற்றார். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது. அந்தத் தீயில் இறந்தவர்கள் 146 பேர். அவை பொது இடங்கள்தான், ஆனால் புகை வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை.

ஆகவே, விதி தடுக்கும் இடத்தில் வீட்டுக்காரரே வற்புறுத்தினாலும் இருபுறச் சாவிப் பூட்டைப் பொருத்த மறுப்பது பூட்டுக்காரரின் கடமை. மறுத்தால் மட்டும் போதாது, மாற்று வழியும் சொல்ல வேண்டும்: சாதாரணக் கண்ணாடிக்குப் பதிலாக எளிதில் உடைந்து விழாத அடுக்குக் கண்ணாடி போடலாம், அல்லது உள்திருகைக் கை எட்டாத இடத்துக்குத் தள்ளிப் பொருத்தலாம். பேட்டரியில் இயங்கும் பூட்டு என்றால், பேட்டரி தீர்ந்தாலும் உள்கைப்பிடி இயந்திர முறையில் திறக்கிறதா என்று பார்த்துத் தர வேண்டும். அப்புறம், பூட்டிய கதவைத் திறந்துவிடச் சொல்லி அழைப்பவர் அந்த வீட்டுக்கு உரியவர்தானா என்று சரிபார்க்காமல் கருவியை எடுக்கவே கூடாது.

வேலை முடிந்ததும் கதவைச் சாத்தி, உள்ளே நின்று ஒரு கையால் திறந்து பார்ப்பார் நல்ல பூட்டுக்காரர். கீல் தளர்ந்து கதவு இறங்கியிருந்தால் நாக்கு தகட்டில் உரசி, கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் திருகு சுழலும். பழகிய வீட்டுக்காரருக்கு அது பழக்கமாகிவிட்டிருக்கும், விருந்தாளிக்குத் தெரியாது. விதி சொல்லும் ‘கூடுதல் முயற்சி’ என்பதில் இதுவும் அடங்கும். அதனால் அவர் கீலை இறுக்கி, தகட்டை இடம் மாற்றி, திருகு விரலுக்கு லேசாகச் சுழலும்வரை சரிசெய்த பிறகே கருவிகளை எடுத்துவைப்பார்.