பேஸ்மேக்கர் வச்சவங்க ஈசிஜில டி வேவ் தலைகீழா இருந்தா எல்லாமே அட்டாக் இல்ல

பேஸ்மேக்கர் வச்ச ஒருத்தர் சும்மா செக்கப்புக்கு போறாரு, ஈசிஜி எடுத்தா நெஞ்சுப் பக்க லீட்ல (ஈசிஜி இதயத்தப் பாக்கற கோணங்கள்) எல்லாம் டி வேவ், அதாவது கீழறை சுருங்கி முடிச்சு அடுத்த துடிப்புக்குத் தயாராகும்போது வர்ற மேடு, ஆழமா தலைகீழா நிக்குது, ரத்தக்குழாய்ல அடைப்பு இருந்தா எப்படி வருமோ அச்சு அசல் அப்படியே. வீட்ல எல்லாரும் ஆடிப்போயிடுவாங்க. ஆனா நெஞ்சுவலி இல்ல, இதயத் தசை அடிபட்டா ரத்தத்துல ஏறற ட்ரோபோனினும் நார்மல். அப்போ இது என்ன?

வழக்கமா கரண்ட் இதயத்தோட சொந்த பாதைல ஓடி ரெண்டு கீழறையையும் கிட்டத்தட்ட ஒண்ணா சுருங்க வைக்கும், அதனால ஈசிஜில கீழறை சுருங்கறத காட்டற கியூஆர்எஸ் கோடு ஒல்லியா இருக்கும். பேஸ்மேக்கர் ஒயர் (இதுக்கும் லீட்னுதான் பேரு) வலது கீழறை நுனில இருந்தா கரண்ட் அங்கருந்து தசை வழியா மெதுவா இடது பக்கம் ஊர்ந்து போகணும், அதான் கியூஆர்எஸ் 0.12 செகண்டுக்கு மேல அகலமாயிடுது. இப்படியே பல நாள் துடிச்சா தசை செல்லுல இருக்கற பொட்டாசியம் சேனல்கள் அந்தப் புது வழிக்குத் தக்க மாறிடும். அப்புறம் இதயம் தன் சொந்தப் பாதைல துடிக்க ஆரம்பிச்சா கியூஆர்எஸ் உடனே ஒல்லியாயிடும், ஆனா டி வேவ் மட்டும் முன்னாடி பேஸ்மேக்கர் துடிக்க வச்சப்போ கியூஆர்எஸ் எந்தப் பக்கம் போச்சோ அந்தப் பக்கமே போகும், சில சமயம் வாரக்கணக்குல. 1982ல அர்ஜென்டினா டாக்டர் மவுரிசியோ ரோசன்பாம் குழு இத விளக்கிச்சு, இன்னிக்கு கார்டியாக் மெமரினு சொல்றோம்.

இத ரத்தக்குழாய் அடைப்புல இருந்து பிரிச்சுப் பாக்க ஒரு அருமையான வழி இருக்கு. பேஸ்மேக்கர் லீட் வலது கீழறைல இருந்தா, மெமரில ஏவிஎல்ங்கற ஈசிஜி லீட்ல டி மேல நோக்கி இருக்கும், ஈசிஜியோட முதல் லீட்ல மேலயோ தட்டையாவோ இருக்கும், நெஞ்சு லீட்ல இருக்கற தலைகீழ் டி மூணாவது லீட்ல இருக்கறத விட ஆழமா இருக்கும். இந்த மூணும் சேர்ந்து வந்தா மெமரி பக்கம்தான் சந்தேகம் போகணும். அதுக்காக நெஞ்சுவலியோட வந்தவர இத வச்சு மட்டும் வீட்டுக்கு அனுப்பவே கூடாது, மெமரி இருக்கறவருக்கும் அட்டாக் வரலாம்.

பேஸ்மேக்கர் கரண்ட் குடுக்கறப்போ ஈசிஜில வர்ற குத்துக்கோடு, அதாவது ஸ்பைக், தெரியலன்னு பேஸ்மேக்கர் வேல செய்யலன்னு பயப்படறவங்களும் நிறைய. இப்போ வர்ற பைபோலார் லீட்ல (ரெண்டு மின்முனையும் ஒரே ஒயர்ல இருக்கறது) ஸ்பைக் ரொம்ப சின்னது, ஒரு மில்லிசெகண்ட் கூட இருக்காது, மெஷினோட ஃபில்டரே அத அழிச்சிடலாம். உண்மையிலயே கவலப்பட வேண்டியது ஸ்பைக் வந்தும் பின்னாடி கியூஆர்எஸ் வராம போறதுதான், லீட் நகர்ந்திருக்கலாம், பேட்டரி தீர்ந்துட்டு இருக்கலாம், உடனே காட்டணும். போகும்போது பேஸ்மேக்கர் கார்டையும் பழைய ஈசிஜியையும் மறக்காம எடுத்துட்டு போங்க, புது ஈசிஜிய பக்கத்துல வச்சு ஒப்பிட்டா டாக்டருக்கு பாதி சந்தேகம் அங்கயே தீர்ந்துடும்.