ஸ்டோரிபோர்டு: தமிழில் காட்சி நிரல்

மின்பாடம் தயாரிக்கக் கற்றுக்கொள்ளப் போகிறவர் காதில் முதலில் விழும் சொற்களில் ஒன்று ஸ்டோரிபோர்டு. "மொதல்ல ஸ்டோரிபோர்டு போட்டுட்டு வாங்க சார், அப்புறம் கம்ப்யூட்டரைத் தொடலாம்" என்பார்கள். பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ அறிவியல் எடுக்கும் ஆசிரியருக்கு அதைக் கேட்டதும் ஒரு தயக்கம் வருவது இயல்பு. "என் பாடம் தண்ணியில இருக்கிற ஃபுளோரைடு. இதுல கதைக்கு எங்க போறது?" என்று நினைப்பார். சொல்லின் முன்பாதியில் உட்கார்ந்திருக்கும் 'ஸ்டோரி' செய்கிற வேலை அது.

பொருளைப் பார்த்தால் விஷயம் எளிது. மாணவர் கண்முன் வரப்போகும் திரைகளை, அவை வரும் வரிசையிலேயே, தயாரிப்பு தொடங்கும் முன் தாளில் கட்டம் கட்டமாகப் போட்டு வைப்பதுதான் ஸ்டோரிபோர்டு. ஒரு திரைக்கு ஒரு கட்டம். அதில் நான்கு குறிப்புகள் இருந்தால் போதும்: திரையில் வரும் எழுத்து, படம், பின்னணிக் குரல், அந்த இடத்தில் மாணவர் செய்ய வேண்டியது. பாடத்திட்டம் வேறு. எதைக் கற்பிப்பது என்பதோடு அது நின்றுவிடும். எது முதலில் கண்ணில் படும், எது அடுத்து வரும் என்பதைச் சொல்வது ஸ்டோரிபோர்டு.

இந்த வேலைமுறை கார்ட்டூன் படங்களிலிருந்து வந்தது. 1930களின் தொடக்கத்தில் வால்ட் டிஸ்னி ஸ்டூடியோவில், காட்சிகளைத் தனித்தனித் தாளில் வரைந்து, சுவரில் மாட்டிய பெரிய பலகையில் வரிசையாகக் குத்தி வைக்கத் தொடங்கினார்கள். வெப் ஸ்மித் என்ற ஓவியரின் யோசனை இது என்று சொல்வார்கள். தாள்கள் தனித்தனியாக இருந்ததுதான் இதன் பலம். சரியில்லாத காட்சியைக் கழற்றி எறியலாம், நான்காவதை இரண்டாவது இடத்துக்குக் கொண்டு வரலாம். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும், ஒரு நிமிடத்துக்கு 1,440. அத்தனையும் கையால் வரைந்த பிறகு "இந்தக் காட்சி வேண்டாம்" என்று யாராவது சொன்னால் எவ்வளவு உழைப்பு வீணாகும்! பலகையில் இருக்கும்போதே சொல்லிவிட்டால் ஒரு தாளோடு போயிற்று. அப்புறம் நடிகர்கள் நடிக்கும் சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் பரவி, அங்கிருந்து மின்பாடத்துக்கும் வந்து சேர்ந்தது.

சொல்லின் வேர் இன்னும் பின்னால் போகிறது. ஸ்டோரியும் ஹிஸ்டரியும் ஒரே தாய்ச்சொல்லின் பிள்ளைகள். கிரேக்கத்தில் 'ஹிஸ்டோரியா' என்றால் விசாரித்து அறிதல். அது லத்தீனுக்குப் போய், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஆங்கிலத்தில் கட்டடத்தின் மாடியையும் 'ஸ்டோரி' என்றே உச்சரிக்கிறார்கள், எழுத்தில் மட்டும் சிறு வேறுபாடு உண்டு. இடைக்கால லத்தீனில் ஹிஸ்டோரியாவுக்குப் 'படம்' என்ற பொருளும் இருந்தது. கட்டட முகப்பில் மாடிக்கு மாடி ஓவியமோ சிற்பமோ வரிசையாக இருந்ததால் மாடிக்கே அந்தப் பெயர் வந்திருக்கலாம் என்று சொல்லாராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். ஆக, இந்தச் சொல்லுக்குள் கதை மட்டும் இல்லை. அடுக்கு அடுக்காக வைத்த படங்களும் இருக்கின்றன.

படத்தை அடுக்கி நிகழ்ச்சியைச் சொல்லும் வழக்கம் தருமபுரி, கிருஷ்ணகிரி மண்ணுக்குப் பழையது. இங்கே கிடைத்த நடுகற்களில் மூன்று அடுக்காகச் செதுக்கியவை உண்டு. கீழ் அடுக்கில் வீரன் போரிடுவான். நடு அடுக்கில் தேவமகளிர் அவனை அழைத்துப் போவார்கள். மேல் அடுக்கில் அவன் சிவலோகம் சேர்ந்திருப்பான். கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டே போனால் எழுத்தறியாதவருக்கும் நடந்தது விளங்கிவிடும். அதற்கு முந்திய, பல்லவர் கால நடுகற்கள் வேறு வகை: பெரும்பாலும் ஒரே வீரன், மேலே சில வரி வட்டெழுத்து. வில்லையோ வாளையோ ஏந்தி நிற்பவனைப் படம் காட்டும். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, இவன் யார், மாட்டை மீட்கப் போய் விழுந்தானா என்பதெல்லாம் எழுத்தில் இருக்கும். படம் காட்டியதையே எழுத்து திரும்பச் சொல்வதில்லை. தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போகிறவர்கள் இதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். மின்பாடம் செய்கிறவர்களுக்கு அங்கே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

இனித் தமிழ்ச் சொல். 'கதைப்பலகை' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கார்ட்டூனுக்கும் சினிமாவுக்கும் அது பொருந்தும், அங்கே உண்மையாகவே கதை இருக்கிறது. பாடத்துக்கு வந்தால் பழைய தயக்கத்தைத்தான் தமிழில் கொண்டு வருகிறது. பலகையும் இப்போது யாரிடமும் இல்லை. நோட்டுத் தாளிலோ பவர்பாயிண்டிலோதான் போடுகிறார்கள். 'படக்கதை' காமிக்ஸுக்குப் போய்விட்டது, 'திரைக்கதை' சினிமாவுக்கு. 'காட்சி வரைவு' நல்ல சொல்தான், ஆனால் வரையத் தெரிய வேண்டுமோ என்ற பயத்தைக் கிளப்பும். வரையவே தேவையில்லை. கட்டத்துக்குள் "இங்கே போர்வெல் படம்" என்று எழுதினாலே அது ஸ்டோரிபோர்டுதான்.

நான் பரிந்துரைப்பது 'காட்சி நிரல்'. நிரல் என்றால் வரிசை, ஒழுங்கு. 'நிகழ்ச்சி நிரல்' எல்லோருக்கும் தெரிந்த சொல். கல்யாண மண்டபம் முதல் சட்டசபை வரை புழங்குகிறது. எது முதலில், எது அடுத்து என்று முன்கூட்டியே எழுதி வைப்பது அது. அதே அச்சில் காட்சி நிரல் என்றால் புதிதாக விளக்க வேண்டியதே இல்லை. கணினித் துறையில் நிரல் என்றால் புரோகிராம் என்பதும், பள்ளிக் கணக்கில் அணிகள் பாடத்தில் நெடுக்கு வரிசைக்கு நிரல் என்று பெயர் என்பதும் தெரிந்ததுதான். 'காட்சி' முன்னால் நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது.

காட்சி என்ற சொல்லும் இங்கே பொருத்தமாக அமைகிறது. காண் என்ற வினையிலிருந்து பிறந்தது. நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் ஆறு நிலைகள் சொல்கிறது. அவற்றில் முதலாவதன் பெயர் காட்சி, அதாவது தக்க கல்லைக் கண்டு தேர்வது. கல் நடுவதும் படையல் வைப்பதும் வாழ்த்துவதும் பின்னால் வருகின்றன. வேலையில் இறங்கும் முன் கண்டுகொள்வதற்கு ஒரு தனி நிலையே வைத்திருக்கிறார்கள்.

சரி, ஃபுளோரைடு பாடத்துக்கே ஒரு காட்சி நிரல் போட்டுப் பார்க்கலாம். எட்டாம் வகுப்புக்கு, ஐந்து நிமிடப் பாடம் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் கட்டத்தில் இரண்டு டம்ளர் தண்ணீர், பார்க்க ஒரே மாதிரி. ஒன்றில் 'போர் தண்ணி', மற்றொன்றில் 'ஒகேனக்கல் தண்ணி' என்று மட்டும் எழுத்து. குரல் கேட்கும்: "இரண்டில் எதைக் குடிப்பீர்கள்?" மாணவர் ஒன்றைத் தொட வேண்டும். அதற்கு முன் ஃபுளோரைடின் வரையறை, குறியீடு எதுவும் வேண்டாம். கேள்வி மனதில் விழுந்த பிறகுதான் விளக்கத்துக்குக் காது திறக்கும்.

இரண்டாவதில் பூமியின் குறுக்குவெட்டுப் படம். ஆழத்தில் பாறை, அதன் இடுக்கில் தண்ணீர், மேலே வரும் குழாய். பாறையில் உள்ள கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு தண்ணீரில் கரைவதைக் குரல் விளக்கும். திரையில் எழுத்தே கிடையாது. மூன்றாவதில் அளவு: லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது குடிநீருக்கான இந்தியத் தர வரம்பு, வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. இந்த எண்களைத் திரையில் பெரிதாகக் காட்டலாம். அளவு மீறினால், பற்கள் உருவாகும் சின்ன வயதிலேயே பழுப்புக் கறை படிகிறது, வருடக்கணக்கில் குடித்தால் எலும்பையும் தாக்குகிறது என்பதைக் குரல் சொல்லும்.

நான்காவது கட்டத்தில்தான் பாடத்தின் உயிர் இருக்கிறது. "காய்ச்சிக் குடித்தால் ஃபுளோரைடு போய்விடுமா?" ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். பல வீடுகளில் போய்விடும் என்றே நம்புகிறார்கள். 'ஆம்' என்று தொட்டவருக்குத் 'தவறு' என்று சிவப்பு எழுத்து காட்டினால் அவர் எதையும் கற்கப்போவதில்லை. கொதிக்கும் பாத்திரம் ஒன்று வர வேண்டும். நீர் ஆவியாகிக் குறையக் குறைய, உள்ளே இருக்கும் ஃபுளோரைடுப் புள்ளிகள் அப்படியே தங்கி நெருக்கமாவதைக் காட்ட வேண்டும். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது என்பது கண்ணாலேயே தெரிந்துவிடும். ஐந்தாவதில் காவிரித் தண்ணீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், அது 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது, ஏன் தேவைப்பட்டது. கடைசிக் கட்டத்தில் அதே இரண்டு டம்ளர்கள், இந்த முறை காரணத்தோடு தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆறு கட்டங்கள், ஒரு தாள். இதைப் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் காட்டி, இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னால், எங்கே விழிக்கிறார்கள் என்று அங்கேயே தெரியும். பென்சிலால் மாற்றிவிடலாம். குரல் பதிவு செய்து, அசைவு சேர்த்து, எல்லாம் கோத்த பிறகு தெரிந்தால் பதிவிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். மின்பாடத்தைச் சீக்கிரம் முடிக்க எந்த மென்பொருள் நல்லது என்று பலர் கேட்கிறார்கள். தாளில் செலவிடும் நேரமே மென்பொருளில் போகும் நேரத்தைக் குறைக்கிறது என்பேன். நான்காவது குறிப்பை, அதாவது மாணவர் செய்ய வேண்டியதை, எழுதி வைத்திருந்தால், ஹெச்5பி போன்ற இலவசக் கருவியில் எந்த வகைக் கேள்வியை எடுப்பது என்று தேடிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

இன்னொரு பலனும் உண்டு. எழுத்தையும் குரலையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதும்போது இரண்டும் ஒன்றாக இருந்தால் உடனே கண்ணில் பட்டுவிடும். படமும் குரலும் ஓடும்போது குரல் சொல்வதையே திரையிலும் வரிவரியாக எழுதினால் கற்றல் கூடுவதில்லை, குறையவே செய்கிறது என்பது பல்லூடகக் கற்றலை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் முடிவு. பார்க்கவும் படிக்கவும் கண் ஒன்றுதானே இருக்கிறது. மாணவர்களுக்குச் சலிப்பூட்டும் மின்பாடங்களில் பெரும்பாலானவை ஸ்லைடை வாசித்துக் காட்டுபவைதான். மேலே சொன்ன இரண்டாவது கட்டத்தில் எழுத்தை எடுத்துவிட்டது இதனால்தான்.

பயன்படுத்தும் விதம்: "பாடத்துக்குக் காட்சி நிரல் தயாரா?", "காட்சி நிரலில் மூன்றாவது கட்டத்தை மாற்றிவிட்டேன்", "குரல் பதிவுக்கு முன் காட்சி நிரலை ஒருமுறை எல்லோரும் பாருங்கள்". ஒரு தனிக் கட்டத்தைக் காட்சிக் கட்டம் எனலாம். சினிமாக்காரர்களோடு பேசும்போது ஸ்டோரிபோர்டு என்றே சொன்னாலும் குற்றமில்லை. பாடம் சார்ந்த ஆவணத்தில் வேறுபடுத்திக் காட்ட வேண்டுமானால் 'பாடக் காட்சி நிரல்' என்று முழுதாக எழுதலாம்.