அக்லமேஷன்: மனம் ஒன்றா, குரல் ஒன்றா?

2008 ஆகஸ்ட் 27 அன்று மாலை, டென்வர் நகரில் கூடியிருந்த அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாட்டில், அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதற்கான மாநிலவாரி வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மாநிலக் குழுவாக எழுந்து, தன் பேராளர்களில் எத்தனை பேர் பராக் ஒபாமா பக்கம், எத்தனை பேர் ஹிலாரி கிளின்டன் பக்கம் என்று அறிவித்துக்கொண்டே வர, நியூ மெக்ஸிகோ தன் முறையை இலினாய்ஸுக்கும், இலினாய்ஸ் அதை நியூயார்க்குக்கும் விட்டுக்கொடுத்தது. நியூயார்க் குழுவினரிடையே நின்ற ஹிலாரி, பேராளர்கள் அளித்த வாக்குகள் அனைத்தும் எண்ணப்படட்டும் என்று கூறிவிட்டு, நடைமுறை விதிகளையும் எஞ்சிய வாக்குப்பதிவையும் நிறுத்திவைத்து, ஒபாமாவை ‘பை அக்லமேஷன்’, அதாவது தனித்தனி வாக்கெண்ணிக்கை இன்றி அவையின் முழக்கத்தாலேயே, வேட்பாளராகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். தலைமை வகித்த நான்சி பெலோசி அவையின் கருத்தைக் கேட்டார். அரங்கம் ‘ஆம்’ என்று முழங்கியது, தீர்மானம் நிறைவேறியது.

இந்நிகழ்ச்சியைத் தமிழில் எழுத உட்காருபவரின் கை, தானாகவே ‘ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்’ என்று எழுதிவிடும். பழகிய தொடர் என்பதால் படிப்பவருக்கும் உறுத்தாது. ஆனால் அம்மாநாட்டில் நடந்ததை இத்தொடர் சரியாகச் சொல்லவில்லை என்பதே என் கருத்து. அதற்கான காரணம் அச்சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது.

அக்லமேஷன் என்பது லத்தீன் மூலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். ‘நோக்கி’ என்று பொருள்படும் ‘அட்’ என்னும் முன்னொட்டும், ‘கூவு, உரக்கச் சொல்’ என்று பொருள்படும் ‘கிளாமாரே’ என்னும் வினையும் சேர்ந்து, ஒருவரை நோக்கிக் கூவுதல் என்னும் பொருளைத் தந்தன. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் நாம் தாக்கல் செய்யும் ‘கிளெய்ம்’ என்பதும் இதே வினையின் வழி வந்ததுதான். படிவங்களில் அமைதியாக நிரப்பப்படும் அச்சொல் ஒரு காலத்தில் உரத்த குரலாக இருந்திருக்கிறது. ரோமானியப் படைவீரர்கள், வெற்றிபெற்ற தளபதியை ‘இம்பெராத்தோர்’ என்று கூவி வாழ்த்திய வழக்கத்தையும் இச்சொல்லாலேயே வரலாற்றாசிரியர்கள் குறிக்கிறார்கள்.

வாழ்த்தொலி தேர்தல் முறையாகவும் இருந்ததற்குப் பண்டைய கிரேக்க நகரமான ஸ்பார்ட்டா நல்ல சான்று. அங்கே முதியோர் அவைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது, போட்டியாளர்கள் ஒவ்வொருவராக மக்கள் கூட்டத்தின் நடுவே நடந்து செல்வார்கள், கூட்டம் ஆரவாரிக்கும். அருகில் ஓர் அறைக்குள் அடைபட்டிருக்கும் நடுவர்கள், நடப்பவர் யார் என்று தெரியாமலேயே, எத்தனையாவது ஆரவாரம் எவ்வளவு பெரிது என்று குறித்துக்கொள்வார்கள். இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று அரிஸ்டாட்டில் இகழ்ந்தார். எனினும் இம்முறை எளிதில் மறையவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையில் கர்தினால்கள் கூடிப் போப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு அனுமதிக்கப்பட்டிருந்த வழிகளுள் ஒன்றாக இது நெடுங்காலம் ஏட்டில் இருந்தது. 1996-இல்தான் இரண்டாம் ஜான் பால் அதை நீக்கினார்.

ஆக, இச்சொல்லின் வேரில் இருப்பது குரல். மனத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. மனத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொல் வேறொன்று: ‘யுனானிமஸ்’. ‘ஒன்று’ என்னும் ‘ஊனுஸ்’, ‘உள்ளம்’ என்னும் ‘அனிமுஸ்’ ஆகிய இரண்டு லத்தீன் சொற்களின் சேர்க்கை அது. ஏகம், மனம் என்னும் வடசொற்களால் ஆன நம் ‘ஏகமனது’ இதற்கு உறுப்புக்கு உறுப்பு பொருந்தி வருகிறது. பாதி தமிழாக்கப்பட்ட ‘ஒருமனது’ம் அப்படியே. இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் தமிழில் ஒரே சொல்லை இட்டு நிரப்புவதால்தான் குழப்பம் நேர்கிறது.

அமெரிக்கக் கட்சி மாநாடுகளில் இவ்விரண்டு சொற்களுக்கும் இடமுண்டு. தோற்றவரின் தரப்பு எழுந்து, வென்றவரின் தேர்வை ஒருமனதானதாக ஆக்கும்படி முன்மொழிவது அங்கே பழைய மரபு. 1860-இல் சிகாகோவில் கூடிய குடியரசுக் கட்சி மாநாட்டில், வில்லியம் சீவார்டை முன்னிறுத்திய நியூயார்க் குழுவின் தலைவர் வில்லியம் எவார்ட்ஸ், மூன்றாம் சுற்றில் ஆபிரகாம் லிங்கன் வென்றதும், அதே வாயால் லிங்கனின் தேர்வை ஒருமனதாக்கும்படி முன்மொழிந்தார். வாக்குகள் பிரிந்தே விழுந்திருந்தன. பிறகு தீர்மானத்தின் மூலம் மனம் ஒன்றாக்கப்பட்டது. மனங்களைத் தீர்மானம் போட்டு இணைக்க முடியுமா என்று எவரும் கேட்கவில்லை, ஏனெனில் அது ஒரு சடங்கு என்று அனைவருக்கும் தெரியும்.

அக்லமேஷனுக்கும் இரண்டு நிலைகள் உண்டு. 1964-இல் அட்லாண்டிக் சிட்டியில், பதவியிலிருந்த அதிபர் லிண்டன் ஜான்சனை ஜனநாயகக் கட்சி இவ்வாறு தேர்ந்தெடுத்தபோது, அவரை எதிர்த்து நிற்க மாநாட்டில் ஒருவரும் இல்லை. அங்கே ‘ஏகமனதாக’ என்று எழுதினாலும் பெரிய பிழை இல்லை. 2008-இன் கதை வேறு. அவ்வாண்டு ஜனவரி முதல் ஜூன் வரை நீண்ட பிரைமரி எனப்படும் முதனிலைத் தேர்தல்களில், ஒபாமாவும் ஹிலாரியும் ஏறக்குறைய சமபலத்துடன் மோதினார்கள். கட்சி விதியை மீறி முன்கூட்டியே தேர்தல் நடத்திய மிச்சிகன், புளோரிடா மாநிலப் பேராளர்களைச் சேர்ப்பதா விடுவதா என்ற சர்ச்சை, மே 31 அன்று அவர்களுக்கு அரை வாக்கு என்று முடிவாகும்வரை இழுத்தது. ஜூன் 7 அன்று ஹிலாரி போட்டியை முடித்துக்கொண்டு ஒபாமாவுக்கு ஆதரவு தெரிவித்தார். ஜூன் 27 அன்று இருவரும் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ‘யூனிட்டி’ என்னும் சிற்றூரில் ஒரே மேடையில் தோன்றினார்கள். ஊரின் பெயருக்கு ‘ஒற்றுமை’ என்று பொருள். ஜனவரியில் அவ்வூர் மக்கள் இருவருக்கும் ஆளுக்கு 107 வாக்குகள் அளித்திருந்தார்கள். பிரசார மேலாளர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைத்திருக்காது.

ஆயினும் பேராளர்களில் பலருக்கு மனம் ஆறவில்லை. ஹிலாரியின் ஆதரவாளர்களில் ஒரு பகுதியினர் ‘பூமா’ என்ற பெயரில் இயங்கினார்கள். கொச்சையான ஓர் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் அவை. ‘கட்சி ஒற்றுமையாவது, மண்ணாங்கட்டியாவது’ என்பது அதன் கருத்து. ஹிலாரியின் பெயரும் மாநாட்டில் முறைப்படி முன்மொழியப்படும் என்று ஆகஸ்ட் நடுவில் இரு தரப்பும் சேர்ந்து அறிவித்ததன் பின்னணி இதுதான். வாக்குப்பதிவே இல்லாமல் விட்டால், தங்களுக்கு வாக்களித்த கோடிக்கணக்கானோர் மறைக்கப்பட்டதாக ஒரு தரப்பு குமுறும். இறுதிவரை எண்ணி முடித்தால், கட்சி இரண்டாகப் பிளந்து நிற்கும் கணக்கு தொலைக்காட்சியில் ஓடும். பாதிவரை எண்ணி, பிறகு தோற்றவரின் வாயாலேயே நிறுத்தச் செய்தது இவ்விரண்டுக்கும் இடையே கண்ட வழி. அங்கே கேட்கப்பட்டது ஒத்த மனம் அன்று. அது கிடைத்திருக்கவும் செய்யாது. ஒத்த குரல் மட்டுமே கேட்கப்பட்டது.

எட்டு ஆண்டுகள் கழித்து, ஹிலாரி வென்றவரின் இடத்தில் இருந்தார். 2016 ஜூலை 26 அன்று பிலடெல்ஃபியாவில், தன் முறையைத் தள்ளிவைத்திருந்த வெர்மான்ட் மாநிலம் கடைசியாக அழைக்கப்பட, முதனிலைத் தேர்தல்களில் ஹிலாரியிடம் தோற்ற பெர்னி சாண்டர்ஸ் எழுந்து, அளிக்கப்பட்ட வாக்குகள் அனைத்தும் அதிகாரபூர்வப் பதிவில் இடம்பெற வேண்டும் என்பதோடு, ஹிலாரியை வேட்பாளராகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் முன்மொழிந்தார். முழக்கத்தால் அதுவும் நிறைவேறியது. பின்னர் சாண்டர்ஸின் பேராளர்களில் ஒரு பகுதியினர் அரங்கைவிட்டு வெளிநடப்புச் செய்தார்கள். ஏகமனது என்று எழுதியவர், வெளிநடப்பை எந்தச் சொல்லால் விளக்குவார்?

சடங்கு குறைபட்டுப்போன மாநாடுகளும் உண்டு. 1980-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், பதவியிலிருந்த ஜிம்மி கார்ட்டரை எதிர்த்து முதனிலைத் தேர்தல்களில் போராடித் தோற்ற எட்வர்ட் கென்னடி, இறுதி நாளில் மேடைக்கு வந்து கை குலுக்கினார். ஆனால் இருவரும் கைகோத்து உயர்த்தும் அந்தப் படத்துக்காகக் கார்ட்டர் காத்திருந்தும், அது கிடைக்கவேயில்லை.

இனி, தமிழில் எதைக் கொள்வது? ‘ஏகமனதாக’, ‘ஏகோபித்த’, ‘ஒருமனதாக’ ஆகியவற்றை யுனானிமஸ் என்பதற்கே ஒதுக்கிவிடலாம். ‘குரல் வாக்கெடுப்பு’ நெருங்கி வருகிறது. சட்டமன்றச் செய்திகளால் அனைவருக்கும் அறிமுகமானதும்கூட. ஆனால் அதில் ஏற்போர் குரலும் மறுப்போர் குரலும் எதிரெதிராக நிறுத்தி அளக்கப்படுகின்றன. மசோதாவை எதிர்ப்பவர் எதிர்த்தே குரல் கொடுக்கலாம், அது முறைகேடு ஆகாது. அக்லமேஷனில் எதிர்க்குரல் எழுந்தால் சடங்கே கெட்டுவிடும். ‘கரவொலியால்’ என்பது பொருந்தாது. கைதட்டல் இங்கே வாக்கு அன்று. பழந்தமிழ் ‘ஆர்ப்பு’, போர்க்களத்திலும் விழாவிலும் எழும் பேரொலியைக் குறிப்பது, ரோமானியப் பொருளுக்கு மிக நெருக்கமானது; ‘ஆர்ப்பொலித் தேர்வு’ என்று ஆக்கினால் அழகாகவே இருக்கும். ஆனால் நாளிதழ் வாசகர் அதில் ‘ஆர்ப்பாட்ட’த்தையே கேட்பார் என்ற அச்சம் எனக்கு உண்டு.

‘ஒருகுரல் தேர்வு’ என்பதையே நான் விரும்புகிறேன். ‘ஒரே குரலில்’, ‘ஒருமித்த குரலில்’ என்பவை ஏற்கெனவே வழக்கில் இருப்பதால், வாக்கியத்தில் ‘ஒரு குரலில் தேர்ந்தெடுக்கப்பட்டார்’ என்று எளிதாக வரும். வேர்ச்சொல்லின் ஒலிப்பொருளும் குறையாது. உள்ளத்தில் என்ன இருந்தது என்பதைப் பற்றி வாக்குறுதி எதையும் அது தருவதில்லை.

ஒரு விலக்கை மட்டும் கவனத்தில் கொள்ள வேண்டும். கனடாவில் இதே ஆங்கிலச் சொல், எதிர்த்து வேட்புமனு ஒருவரும் தாக்கல் செய்யாததால் ஒருவர் தேர்வானார் என்ற பொருளில் நகராட்சி, பள்ளி வாரியத் தேர்தல்களில் வழங்குகிறது. அங்கே முழக்கமும் இல்லை, அவையும் இல்லை. டொராண்டோவில் தமிழ்ச் செய்தி எழுதுபவர் அதை ‘போட்டியின்றித் தேர்வு’ என்றே எழுத வேண்டும். அமெரிக்க மாநாட்டைப் பற்றி எழுதும்போது அத்தொடரைப் பயன்படுத்தினால், ஆறு மாதப் போட்டியே நடக்கவில்லை என்று ஆகிவிடும். 2016-ஐ ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டுமென்றால் நான் இப்படி எழுதுவேன்: ‘வாக்குப்பதிவில் பெரும்பான்மை பெற்ற ஹிலாரி கிளின்டன், அவரிடம் தோற்ற பெர்னி சாண்டர்ஸின் முன்மொழிவின்படி, மாநாட்டின் ஒருகுரல் தேர்வாக வேட்பாளர் ஆனார், சாண்டர்ஸின் பேராளர்களில் ஒரு பகுதியினர் பின்னர் வெளிநடப்புச் செய்தனர்.’