பளபளத்த எஞ்சின் போரில் எதற்குக் கீறல்?

திருச்செங்கோட்டு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தாத்தா விட்டுப்போன லாரி, பழைய டாடா 697 எஞ்சின். புகை தள்ளுகிறது, ஆயில் குடிக்கிறது. வேறு எஞ்சின் போட்டுவிடு என்று ஊரே சொல்ல, தாத்தா ஓட்டிய எஞ்சின்தான் வேண்டும் என்று சிலிண்டர்கள் உள்ள பிளாக்கைக் கழற்றி, போர் (பிஸ்டன் ஏறி இறங்கும் உருளைக் குழி) கடையக் கொடுத்திருக்கிறார். வழவழவென்று கடைந்தவர்கள், கடைசியில் உள்ளே குறுக்கும் மறுக்குமாகக் கீறிவிட்டார்களாம். காசு கொடுத்து வழவழப்பாக்கிவிட்டு அப்புறம் எதற்குக் கீறல் என்பது கேள்வி.

இந்த எஞ்சினுக்குப் பெயரே ஜாதகம்: 6 சிலிண்டர், 97 மி.மீ. விட்டம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 128 மி.மீ. ஆறு சிலிண்டரின் மொத்தக் கொள்ளளவு 5,675 சி.சி. பென்ஸின் ஓஎம் 352 எஞ்சினுக்கும் இதே அளவுதான். 1954 முதல் 1969 வரை டெல்கோவுக்கும் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுக்கும் இருந்த உறவின் மிச்சம் அது.

டீசல் எஞ்சின் பள்ளிப் பாடம்தான். காற்றைப் பதினேழில் ஒரு பங்காக நசுக்கினால் 500 டிகிரியைத் தாண்டிச் சூடாகும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும்.

சரி, அந்த அழுத்தத்தைத் தடுத்து நிறுத்துவது யார்? பிஸ்டன் இல்லை, அது போரைவிடக் கொஞ்சம் சிறியது. இடைவெளியை அடைப்பது, பிஸ்டனைச் சுற்றி வெட்டிய காடியில் (பள்ளத்தில்) உட்காரும் ரிங் என்ற உலோக வளையம். ரிங்கைக் கையால் சுருக்கிப் பாருங்கள், அதன் விறைப்பு அப்படியொன்றும் பெரிதில்லை. ஆனால் வெடிப்பின் வாயு ரிங்கின் மேல்பக்கமாகக் காடிக்குள் புகுந்து, ரிங்கின் முதுகுக்குப் பின்னால் நின்று, அதைப் போர்ச் சுவர்மேல் தள்ளுகிறது. அழுத்தம் ஏற ஏற அடைப்பும் இறுகும். தப்பிக்கப் பார்க்கும் வாயுவே தனக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறது! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

இதற்கு விலையும் உண்டு. பிஸ்டன் உச்சியில் ஒரு கணம் நின்று திரும்பும்போது ரிங்குக்கு அடியில் ஆயில் படலம் மெலிந்துவிடும். சூடும் அழுத்தமும் அதிகமாக இருப்பதும் அங்கேதான். அதனால் போர் மேல்பக்கத்தில்தான் அதிகம் தேயும். பிளாக்கின் மூடியான ஹெட்டைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரல் நகத்தால் போரின் வாயருகே தடவினால் ஒரு படி தட்டுப்படும். அதற்கு மேலே உள்ள துளி இடத்துக்கு ரிங் போனதே இல்லை.

இப்போது கீறலுக்கு வருவோம். வழவழத்துப்போன அம்மியில் மிளகாய் வழுக்கும்; கொத்தினால்தான் அரைபடும். அம்மிக் கொத்து மிளகாயைப் பிடிக்கிறது, ஹோனிங் (போரைக் கல்லால் தேய்த்துக் கீறும் வேலை) கீறல் ஆயிலைப் பிடிக்கிறது. தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத பள்ளங்கள் அவை. இன்னொரு வேலையும் அவற்றுக்கு உண்டு. புது ரிங்கும் புதுப் போரும் முதலில் மேடுகளில் மட்டுமே தொடுகின்றன. ஓட ஓட அந்த மேடுகள் தேய்ந்து, இரண்டும் ஒன்றுக்கொன்று படிந்துகொள்கின்றன. படிய வேண்டுமானால் ரிங்கைச் சுவரில் அழுத்த ஆள் வேண்டுமே? அந்த ஆள்தான் வாயு. எஞ்சின் பாரம் இழுத்தால்தான் அது வேலைக்கு வரும்.

எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றுங்கள், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. வேலை முடிந்த வண்டியை இரண்டு நாள் ஐடிலிங்கில் (பாரமில்லாமல் நின்ற இடத்தில் ஓட) விட்டால் நல்லது என்பதுதான் உண்மையிலேயே கெடுதல் செய்யும் மூடநம்பிக்கை. அழுத்தம் இல்லாமல் ரிங் படியாது. கீறல்களில் ஆயில் தீய்ந்து, போர் கண்ணாடியாகிவிடும். எங்கள் தெருவில் விடிய விடிய அப்படி உறுமிய ஒரு லாரி சீக்கிரமே மறுபடி ஆயில் குடித்தது. சூடேறியதும் பாதி பாரத்தோடு கிளம்புங்கள். ஏற்றத்தில் இழுக்கட்டும், ஒரே வேகத்தில் போக வேண்டாம்.

அதற்கு முன்னால் ஒன்று. ஹோனிங் கல்லின் தூள் கீறல்களுக்குள் ஒளிந்திருக்கும், டீசலில் கழுவினால் மட்டும் போகாது. சோப்புத் தண்ணீரும் பிரஷும் வைத்துத் தேய்த்து, உலர்ந்ததும் உடனே ஆயில் பூசி, வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் கறுப்பு ஒட்டினால் மறுபடி கழுவுங்கள்.