மான்ஸ்டர்: எச்சரிக்கையில் பிறந்த சொல்

மான்ஸ்டர் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியைப் புரட்டினால் அரக்கன், அசுரன், பூதம், கொடியவன் என்று வரிசையாக வரும். எல்லாம் நமக்குப் பழகிய சொற்கள்தான். ஆனால் ஒரு கதையைக் கையில் வைத்துக்கொண்டு பொருத்திப் பார்த்தால் ஒன்றும் சரியாக உட்காராது. தண்டையார்பேட்டையில், ஆங்கில இலக்கியம் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தருகிறேன். பெரும்பாலும் தமிழ்வழியில் பள்ளி முடித்தவர்கள். பாடத்தைத் தமிழில் பேசித் தெளிந்த பிறகுதான் ஆங்கிலத்தில் எழுத உட்காருவார்கள். ஒரு விஞ்ஞானி உயிர் கொடுத்த உருவத்தைப் பற்றிய மேரி ஷெல்லியின் ஃப்ராங்கன்ஸ்டைன் நாவலை எடுத்தபோது ஒரு மாணவி கேட்டாள்: “மிஸ், இதுக்குத் தமிழ்ல இன்னா போடறது? பேய்னு போடலாமா?” பக்கத்தில் இருந்தவன் விடவில்லை: “பேய்க்குத்தான் காலே கிடையாதே. இது மலையேறுது, பனிக்கட்டி மேல நாய் வண்டி ஓட்டுது.”

அவன் சொன்னது சரி. இன்றைய பேச்சில் பேய் என்றால் செத்தவரின் ஆவி. மேரி ஷெல்லி படைத்ததற்கோ உடம்பு உண்டு, பசி உண்டு, குளிர் உண்டு. பிறகு எந்தச் சொல் பொருந்தும்? அதற்கு மான்ஸ்டர் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

லத்தீனில் மோன்ஸ்ட்ரும் என்று ஒரு சொல். ‘எச்சரி’ என்று பொருள்படும் மோனேரே என்ற வினையோடு உறவுடையது. பழைய ரோமில் இரண்டு தலையோடு கன்று பிறந்தாலோ, வானத்திலிருந்து கல் விழுந்தாலோ, தெய்வம் ஏதோ சொல்ல வருகிறது என்று எடுத்துக்கொள்வார்கள். பரிகாரம் என்ன என்று பூசாரிகளைக் கேட்பார்கள். அப்படி இயல்புக்கு மாறாக வந்து நின்று எச்சரிப்பதுதான் மோன்ஸ்ட்ரும். பயமுறுத்துவது அதன் வேலை அல்ல, முன்கூட்டிச் சொல்வதே வேலை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான், செய்தி மெல்ல மறந்து உருவம் மட்டும் தங்கியது.

இந்தப் பழைய பொருளுக்குத் தமிழில் அச்சாக ஒரு சொல் இருக்கிறது: உற்பாதம். வடமொழியிலிருந்து வந்ததுதான் என்றாலும் நம் உரைகளில் ஊறிய சொல். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையை நினைத்துப் பாருங்கள். கோவலன் மதுரைக்குள் போயிருக்கிறான். இங்கே இடைச்சேரியில் குடத்துப் பால் உறையவில்லை, காளையின் கண்ணில் நீர் வழிகிறது, உறியில் இருக்கும் வெண்ணெய் உருக மறுக்கிறது, மாட்டின் கழுத்து மணி அறுந்து விழுகிறது. மாதரி சொல்கிறாள்: ‘வருவதொன்று உண்டு.’ ரோமானியர் மோன்ஸ்ட்ரும் என்ற சொல்லுக்குள் அடக்கியது முழுவதும் இந்த இரண்டு சொல்லில் வந்துவிடுகிறது. பாடம் நடத்தும்போது நான் இந்த இடத்தை முதலில் படித்துக் காட்டுவேன். லத்தீன் தெரியாத பிள்ளைகளுக்கும் மான்ஸ்டரின் வேர் அங்கேயே பிடிபட்டுவிடும்.

அதே வேரில் பிறந்த இன்னொரு சொல் நம் எல்லார் வாயிலும் புழங்குகிறது: வகுப்பு மானிட்டர். எச்சரிப்பவன், நினைவூட்டுபவன். மூத்த மாணவனே இளையவர்களுக்குப் பாடம் சொல்லித் தரும் முறையை எழும்பூரில் ஆண் அனாதைப் பிள்ளைகளின் பள்ளியில் நடத்திப் பார்த்து, 1797-இல் அதைப் பற்றி எழுதி வெளியிட்டவர் ஆண்ட்ரூ பெல். அதற்கு மெட்ராஸ் முறை என்றே பெயர் நிலைத்தது. நம் திண்ணைப் பள்ளிகளில் அந்தப் பையனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். மானிட்டரும் மான்ஸ்டரும் ஒரே வேரில் வந்து நிற்பதைச் சொன்னால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

லத்தீனில் ‘காட்டு’ என்ற பொருளில் மோன்ஸ்ட்ராரே என்றும் ஒரு வினை உண்டு. மான்ஸ்டர் இதிலிருந்து வந்தது என்று புனித அகஸ்டின் சொல்கிறார். காட்சிப் பொருள் என்ற இந்த அர்த்தத்தை ஷேக்ஸ்பியர் மாக்பெத்தின் கடைசியில் வைத்திருக்கிறார். 1606 வாக்கில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் நாடகம் அது. சரணடைந்துவிடு, இல்லாவிட்டால் அபூர்வ மான்ஸ்டர்களைப் படம் வரைந்து கம்பத்தில் தொங்கவிடுவதைப் போல உன்னையும் தொங்கவிட்டு, ‘கொடுங்கோலனை இங்கே காணலாம்’ என்று கீழே எழுதி வைப்போம் என்று மாக்பெத்திடம் சொல்கிறான் அவன் எதிரி மாக்டஃப். நாடகத்தின் தொடக்கத்தில் ஊரே மெச்சும் போர்வீரனாக இருந்தவனுக்குக் கடைசியில் கிடைக்கவிருந்த இடம் அந்தக் கம்பம். அவன் பிறவியில் கொடியவன் அல்ல. அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது ஆம்பிஷன்.

இந்தச் சொல்லின் கதை வடசென்னைக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். லத்தீனில் அம்பிரே என்றால் சுற்றி வருவது. ரோமில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் வெளுத்த அங்கியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்த்துக் கைகொடுத்து ஓட்டுக் கேட்டுச் சுற்றினார்கள். அந்தச் சுற்றுதான் அம்பிஷியோ. அதோடு பிறந்த அம்பிடுஸ் என்ற சொல், ஓட்டுக்குக் காசு கொடுக்கும் குற்றத்துக்குப் பெயரானது. அதைத் தடுக்கச் சட்டத்துக்கு மேல் சட்டமாகப் போட்டார்கள். பணப் பட்டுவாடா புகாரால் 2017 ஏப்ரலில் இடைத்தேர்தலே ரத்தான ஆர்.கே. நகர்த் தொகுதியில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை.

ஆம்பிஷனுக்கு இலட்சியம் என்று போடுவது வழக்கம். வேலைக்கான விண்ணப்பத்தில் அது பொருந்தும். மாக்பெத்துக்குப் போட்டால் கொலையும் இலட்சியமாகிவிடும். வள்ளுவர் இந்த இரண்டையும் தனித்தனி அதிகாரத்தில் வைத்திருக்கிறார். ‘உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல்’ என்பது ஊக்கமுடைமை. பிறர் பொருளுக்கு ஆசைப்படுவது வெஃகுதல். மாக்பெத் வெஃகியது மன்னன் டங்கனின் முடியை. அந்த அதிகாரத்திலேயே 175-ஆம் குறள் வருகிறது:

‘அஃகி அகன்ற அறிவென்னாம் யார்மாட்டும்
வெஃகி வெறிய செயின்.’

நுணுகிப் பரந்த அறிவு இருந்து என்ன பயன், ஆசைப்பட்டு அறிவுக்கு ஒவ்வாததைச் செய்தால்? அறிவு, ஆசை, வெறி மூன்றும் ஒன்றே முக்கால் அடிக்குள் வரிசையாக நிற்கின்றன. விக்டர் ஃப்ராங்கன்ஸ்டைனின் கதை வேறென்ன? இங்கோல்ஸ்டாட்டில் படித்தவன். உயிரின் இரகசியத்தைக் கண்டுபிடித்தவன். அவன் வெஃகியது யாருடைய சொத்தையும் அல்ல, படைக்கும் தொழிலை. ஒரு புதிய உயிரினமே தன்னைத் தகப்பனாகப் போற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டு, சோறு தூக்கம் இல்லாமல் உழைத்து, அது கண் திறந்ததும் அருவருத்து ஓடிவிடுகிறான். 1816 கோடையில் ஜெனிவா ஏரிக்கரையில் இந்தக் கதையைத் தொடங்கியபோது மேரி ஷெல்லிக்கு வயது 18. 1818 ஜனவரி 1 அன்று நூல் வெளியானபோது அவர் பெயர் அதில் இல்லை.

ஃப்ராங்கன்ஸ்டைன் என்பது அந்த உருவத்தின் பெயர் என்று பலரும் நினைக்கிறார்கள். அது செய்தவனின் பெயர். செய்யப்பட்டதற்குப் பெயரே வைக்கவில்லை. அரக்கன் என்ற மொழிபெயர்ப்பு இங்கேதான் தோற்கிறது. அரக்கனுக்குக் குலம் உண்டு, ஊர் உண்டு, உடன்பிறந்தவர்கள் உண்டு. இராவணனுக்காக அழ இலங்கையே இருந்தது. இதற்கு ஒருவரும் இல்லை. ஒளிந்திருந்து பேசக் கற்றுக்கொள்கிறது, மில்டனின் காவியத்தைப் படிக்கிறது, உன்னுடைய ஆதாமாக நான் இருந்திருக்க வேண்டும் என்று செய்தவனிடமே மன்றாடுகிறது. ஒரு துணையையாவது செய்து கொடு என்று கேட்கிறது. அவன் சம்மதித்துத் தொடங்கி, பாதியில் அதைக் கிழித்துப் போடுகிறான். அதன் கொலைகளை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனாலும் ஓர் இனத்தின் பெயரை அதற்குச் சூட்டினால் அந்தத் தனிமை அழிந்துபோகும்.

அசுரனுக்கும் இதே குறை. பூதம் என்ற சொல் வேர்ப்பொருளில் கிட்ட வரும், ‘உண்டானது’ என்பதுதான் அதன் அர்த்தம். ஆனால் இன்றைய வாசகருக்கு அது புதையல் காக்கும் பூதமாகத்தான் தெரியும்.

என் தேர்வு, விகார உரு. விகாரம் என்றால் அவலட்சணம் என்று பேச்சில் சொல்கிறோம். நன்னூலில் அதற்குத் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்று வகை. ஓர் எழுத்து புதிதாகத் தோன்றும், ஒன்று வேறொன்றாகத் திரியும், ஒன்று கெட்டு மறையும். அந்த உருவத்தின் வாழ்க்கையும் இதே வரிசையில் நடக்கிறது: இல்லாத இடத்தில் தோன்றியது, அன்பு மறுக்கப்பட்டுத் திரிந்தது, கடைசியில் வடதுருவப் பனியில் தன்னையே அழித்துக்கொள்ளப் போனது. மான்ஸ்ட்ராசிட்டி என்ற பண்புப்பெயருக்கும் உருவத்தைப் பேசும்போது விகாரம் போதும். செயலைப் பேசும்போது கோரம் அல்லது கொடூரம் என்று எழுதலாம். மாக்பெத்தைப் போல மனிதனாகப் பிறந்து கெட்டவனுக்கு வள்ளுவரிடமே அலகை, அதாவது பேய், என்ற சொல் இருக்கிறது. 850-ஆம் குறளில் அவர் அலகை என்று எண்ணச் சொல்வது மனிதனைத்தான், ஆவியை அல்ல.

பேயைக் கைவிடச் சொன்னேன் என்று அதைக் குறைத்து எண்ண வேண்டாம். நம் மொழியில் அது மான்ஸ்டரை விட ஆழமானது. காரைக்கால் அம்மையார் தன்னைப் பேய் என்று மகிழ்ந்து சொல்லிக்கொண்டார். திருவொற்றியூரில் கடலோரம் அடங்கியிருக்கும் பட்டினத்தார், ‘பேய்போல் திரிந்து பிணம்போல் கிடந்து’ என்று தொடங்கும் பாட்டில் விவரிப்பது ஞானம் தெளிந்தவர்களை. மான்ஸ்டர் என்ற சொல்லால் இந்த இடத்தைத் தொடவே முடியாது. அதனால்தான் இரண்டையும் கலக்க எனக்கு மனம் வரவில்லை.

மேட்னஸ் என்பதற்கும் ஒரே சொல்லைப் போட்டுத் தப்பிக்க முடியாது. ஷேக்ஸ்பியரின் இன்னொரு நாடகத்தில் புயலில் வெட்டவெளியில் அலையும் லியர் மன்னனுக்குப் பித்து. மகள்கள் கதவைச் சாத்தியதால் வந்தது அது, கேட்பவருக்கு இரக்கம் பிறக்கும். ‘பித்தா’ என்று இறைவனையே கூப்பிட்டவர் சுந்தரர், சங்கிலியாரை அவர் மணந்ததும் இதே ஒற்றியூரில்தான். மாக்பெத்துக்கு வெறி. பதவி வெறி, கொலை வெறி என்று நாம் ஏற்கெனவே பேசுகிறோம். சங்க இலக்கியத்தில் வெறி என்பது முருகன் ஏறிய வேலனின் ஆட்டம். வியாசர்பாடி மைதானத்தில் ‘வெறித்தனமா ஆடுனான்’ என்றால் இன்று அது பாராட்டு. கீழ்ப்பாக்கத்து மனநல மருத்துவமனையை வைத்துப் பிறந்த கீழ்ப்பாக்கம் கேஸ் என்ற சென்னைப் பேச்சை மட்டும் வகுப்பில் நான் அனுமதிப்பதில்லை. நோயோடு போராடுகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் நம் தெருவிலேயே இருக்கிறார்கள், அந்தச் சொல் அவர்கள் காதில்தான் போய் விழும்.

கடைசியாக, வெறும் அளவைக் குறிக்கும் மான்ஸ்டர். 2004 சுனாமியின்போது பத்திரிகைகள் ராட்சத அலை என்று எழுதின, எண்ணூர்த் துறைமுகத்தில் நிற்பது ராட்சத கிரேன். அந்தப் பொருளில் ராட்சத என்பதே நன்றாக வேலை செய்கிறது, புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை.